டீச்சரைத் தேடும் முன் தேர்வுத் தாளைத் தேடுங்கள்

மூன்றாம் தவணை முடியப்போகிறது என்பதை அறிய நாட்காட்டி தேவையில்லை. வாட்ஸ்அப் குழுக்களே சொல்லிவிடும். "செங்காங் பக்கம் நல்ல கணக்கு டீச்சர் யாராவது தெரியுமா?" "தொடக்கநிலை 5, ஆங்கிலம், வீட்டுக்கே வந்து சொல்லித் தருபவர் வேண்டும். கொஞ்சம் அவசரம்." கேட்ட அரைமணி நேரத்தில் ஐந்தாறு தொலைபேசி எண்கள் வந்து விழும். எல்லாருமே 'ரொம்ப நல்ல டீச்சர்'தான். கட்டணம் எவ்வளவு, எந்தக் கிழமை நேரம் இருக்கிறது என்ற இரண்டு கேள்விகளோடு பேச்சு முடிந்து, அடுத்த வாரமே பாடம் தொடங்கிவிடும்.

அவசரத்துக்குக் காரணம் இல்லாமல் இல்லை. 2023 முதல் தொடக்கப்பள்ளிகளிலும் உயர்நிலைப் பள்ளிகளிலும் அரையாண்டுத் தேர்வுகள் இல்லை. அவ்வப்போது நடக்கும் சிறு மதிப்பீடுகளை வைத்துப் பிள்ளையின் முழு நிலவரத்தை ஊகிப்பது பல பெற்றோருக்கு எளிதாக இல்லை. ஆண்டிறுதித் தேர்வு நெருங்கும்போதுதான் வயிற்றில் புளியைக் கரைக்கிறது.

அந்தப் புளிக்கு நாம் கொடுக்கும் விலை சிறியதன்று. சிங்கப்பூர்க் குடும்பங்கள் 2023ஆம் ஆண்டில் துணைப்பாடத்துக்குச் செலவிட்ட தொகை 1.8 பில்லியன் வெள்ளி என்கிறது குடும்பச் செலவினக் கணக்கெடுப்பு. 2018ல் அது 1.4 பில்லியன். உங்கள் வீட்டுக் கணக்கையே போட்டுப் பாருங்கள். மணிக்கு 45 வெள்ளி, வாரம் ஒன்றரை மணி நேரம், இரண்டு பாடங்கள் என்றால் நான்கு வாரத்துக்கு 540 வெள்ளி. ஆண்டுக்கு ஆறாயிரத்தைத் தாண்டும். இவ்வளவு செலவழிக்கப் போகிறோம் என்றால், எதற்காக என்று முதலில் அரைமணி நேரம் உட்கார்ந்து பார்ப்பதில் தவறில்லை.

தவறுகளை வகை பிரியுங்கள்

பிள்ளையின் அண்மைய தேர்வுத் தாளையோ பயிற்சித் தாள்களையோ எடுத்துக்கொள்ளுங்கள். மதிப்பெண்ணைப் பார்க்காதீர்கள், தவறுகளை மட்டும் பாருங்கள். பிள்ளையையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு தவறையும் நான்கு வகைகளில் ஒன்றில் சேருங்கள். பாடமே தெரியவில்லை, பாடம் தெரியும், கேள்வி புரியவில்லை, இரண்டும் தெரியும், கவனக்குறைவு, எல்லாம் தெரியும், நேரம் போதவில்லை.

இந்த நான்கில் துணைப்பாட ஆசிரியர் நேரடியாகத் தீர்த்துவைப்பது பெரும்பாலும் முதல் வகையை. கவனக்குறைவும் நேரம் போதாமையும் பயிற்சியாலும் பழக்கத்தாலும் மாறுபவை. அதற்கு வாரம் 70 வெள்ளி செலவழித்து ஒருவரை வீட்டுக்கு அழைக்க வேண்டுமா என்று யோசிக்கலாம். பெற்றோர் அதிகம் தவறவிடுவது இரண்டாவது வகையை.

ஓர் எடுத்துக்காட்டு. மாலாவிடம் 60 வெள்ளி இருந்தது. அதில் ஐந்தில் இரண்டு பங்கைப் புத்தகத்துக்குச் செலவிட்டாள். மீதியில் மூன்றில் ஒரு பங்கைத் தங்கைக்குக் கொடுத்தாள். இப்போது அவளிடம் எவ்வளவு இருக்கிறது? புத்தகத்துக்கு 24 போக மீதி 36; அதில் மூன்றில் ஒரு பங்கு 12; கடைசியில் இருப்பது 24 வெள்ளி. ஆனால் ஆங்கிலக் கேள்வியில் 'ரிமைண்டர்' என்ற ஒரு சொல்லைத் தாண்டி ஓடிவிட்ட பிள்ளை, மொத்தம் 60லேயே மூன்றில் ஒரு பங்கான 20ஐக் கழித்து, 16 என்று எழுதிவிட்டு வரும். அந்தப் பிள்ளைக்குப் பின்னமும் தெரியும், கழித்தலும் தெரியும். இடறியது வாசிப்பில். இந்தப் பிள்ளைக்குக் கணக்கு டீச்சர் வைத்து இன்னும் நூறு பின்னக் கணக்குகள் போடவைத்தால், பிள்ளைக்குச் சலிப்பு வரும், மதிப்பெண் வராது. வேண்டியது கேள்வியை நிதானமாகப் படித்து, முக்கியச் சொல்லின் கீழ்க் கோடிட்டு, படம் வரைந்து பார்க்கக் கற்றுத் தருபவர்.

தாளை வகை பிரித்த பிறகு அதே வாட்ஸ்அப் குழுவில் உங்கள் கேள்வி மாறிவிடும். "நல்ல கணக்கு டீச்சர் தெரியுமா?" என்று கேட்க மாட்டீர்கள். "கணக்கு தெரியும், பிரச்சினைக் கணக்குகளைப் படித்துப் புரிந்துகொள்ளத் தடுமாறுகிறான், பொறுமையாகச் சொல்லித் தருபவர் யாராவது?" என்று கேட்பீர்கள். வரும் எண்கள் ஆறிலிருந்து இரண்டாகக் குறையலாம். அந்த இரண்டும் உங்களுக்குப் பயன்படும்.

கேட்க வேண்டிய முதல் ஆள்

வெளியே தேடும் முன் பள்ளி ஆசிரியரிடம் பேசுங்கள். பிள்ளையை வாரம் ஐந்து நாளும் பார்ப்பவர் அவர். "இவனுக்குத் துணைப்பாடம் தேவையா?" என்று மட்டும் கேட்டால் பட்டும்படாமல் பதில் வரலாம். "எந்தத் தலைப்பில் பின்தங்கியிருக்கிறான், வகுப்பில் கேள்வி கேட்கிறானா?" என்று கேட்டால் உருப்படியான பதில் கிடைக்கும்.

தொடக்கநிலை 1, 2ல் ஆங்கிலத்திலும் கணிதத்திலும் பின்தங்கும் பிள்ளைகளுக்குப் பள்ளியிலேயே கற்றல் ஆதரவுத் திட்டம் உண்டு. எழுத்துகளைக் கூட்டி வாசிப்பதில் விடாத சிரமம் இருந்தால், அது சோம்பலாக இல்லாமல் டிஸ்லெக்சியாவாக இருக்கலாம். தொடக்கநிலை 3, 4 மாணவர்களுக்கு இதற்கென்றே பள்ளிகளில் சிறப்பு வகுப்புகள் நடக்கின்றன. சிங்கப்பூர் டிஸ்லெக்சியா சங்கமும் உதவுகிறது. இப்படிப்பட்ட பிள்ளையைச் சாதாரணத் துணைப்பாடத்துக்கு அனுப்பி, "இவ்வளவு செலவழித்தும் படிக்க மாட்டேன் என்கிறாயே" என்று கடிந்துகொள்வதைப் போன்ற கொடுமை வேறில்லை.

அடுத்து சிண்டா. இங்கு வேலை செய்யும் இந்தியர்களின் சம்பளத்திலிருந்து மாதந்தோறும் 1 வெள்ளி முதல் 30 வெள்ளி வரை சிண்டா நிதிக்குப் போகிறது. சம்பளச் சீட்டில் அந்த வரியைப் பார்த்திருப்பீர்கள். அந்தப் பணத்தால் நடப்பவற்றில் 'ஸ்டெப்' துணைப்பாடத் திட்டமும் ஒன்று. தீவின் பல பகுதிகளில் சிறு குழுக்களாக, வெளிச்சந்தையோடு ஒப்பிட்டால் மிகக் குறைந்த கட்டணத்தில் நடக்கிறது. வசதி குறைந்தவர்களுக்குத்தான் சிண்டா என்ற எண்ணம் நம்மில் சிலருக்கு இருக்கிறது. கூச்சப்பட ஒன்றுமில்லை. ஒன்றிரண்டு தலைப்புகளில் மட்டும் பின்தங்கிய பிள்ளைக்குக் குழு வகுப்பே போதுமானதாக இருக்கும்.

யார் யாருக்குப் பொருந்துவார்?

தனி ஆசிரியர்தான் வேண்டும் என்று முடிவாகிவிட்டால், பொதுவாக மூன்று வகையினர் கிடைப்பார்கள். பல்கலைக்கழக மாணவர்கள் போன்ற பகுதிநேர ஆசிரியர்கள். இதையே தொழிலாகச் செய்யும் முழுநேர ஆசிரியர்கள். பள்ளியில் பணிபுரிந்த அனுபவம் உள்ளவர்கள். தொடக்கநிலைப் பாடங்களுக்கு முதல் வகையினர் மணிக்கு ஏறக்குறைய 25 முதல் 35 வெள்ளி, இரண்டாம் வகையினர் 35 முதல் 50 வெள்ளி, மூன்றாம் வகையினர் அதற்கும் மேல் கேட்பது வழக்கம். உயர்நிலைக்குப் போகும்போது எல்லாமே ஏறும்.

விலை அதிகம் என்பதால் பொருத்தம் அதிகம் என்று ஆகிவிடாது. படிப்பில் ஆர்வமே விட்டுப்போன உயர்நிலை 2 பையனுக்கு, நான்கைந்து வயதே மூத்த ஓர் அண்ணன் வந்து உட்கார்ந்தால் நடக்கும் மாற்றம் அனுபவசாலியிடம் நடக்காமல் போகலாம். அதே பல்கலைக்கழக மாணவர், அடிப்படையே ஆட்டம் கண்ட தொடக்கநிலை 4 பிள்ளைக்குப் போதாமல் போகலாம். தமக்கு எளிதாக வந்த ஒன்று பிள்ளைக்கு ஏன் புரியவில்லை என்பது அவருக்கே புரியாது. 'முன்னாள் பள்ளி ஆசிரியர்' என்றால் எந்த நிலைக்கு, எந்தப் பாடத்தை, எப்போது வரை கற்பித்தார் என்று கேளுங்கள். தொடக்கக் கல்லூரியில் இயற்பியல் கற்பித்தவர் சிறந்த ஆசிரியராகவே இருக்கலாம். ஆனால் தொடக்கநிலை 3 பிள்ளைக்குப் பட்டைகள் வரைந்து கணக்குப் போடும் 'மாடல்' முறையைச் சொல்லித் தருவது வேறு வேலை. பள்ளியில் ஒரு முறை, வீட்டில் ஒரு முறை என்று இரண்டு பக்கமும் இழுபடும் பிள்ளை இரண்டையும் கோட்டைவிடும்.

முகவை மூலம் தேடினால், முதல் மாதக் கட்டணத்தில் ஏறக்குறைய பாதி முகவைக்குப் போவது பரவலான நடைமுறை. அதனால் முதல் மாதத்திலேயே ஆசிரியரை மாற்ற நேர்ந்தால் என்ன ஏற்பாடு என்பதை முன்கூட்டியே எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். பத்து அல்லது அதற்கு மேற்பட்ட மாணவர்கள் உள்ள துணைப்பாட நிலையம் கல்வி அமைச்சிடம் பதிவு செய்திருக்க வேண்டும். பதிவு என்பது சட்டத் தேவை. தரச் சான்றிதழ் என்று எண்ணிக்கொள்ள வேண்டாம். வீட்டுக்கு வந்து கற்பிக்கும் தனி ஆசிரியருக்கு அந்தப் பதிவும் இல்லை. ஆகவே சான்றிதழைப் பார்ப்பதும், முன்பு அவரிடம் படித்த ஒரு பிள்ளையின் பெற்றோரிடம் பேசுவதும் உங்கள் பொறுப்பு. வெளிநாட்டவர் என்றால், கட்டணம் பெற்றுக் கற்பிக்க அவருக்கு உரிய வேலை அனுமதி இருக்கிறதா என்றும் கேட்டுவிடுங்கள். தெரிந்தவரின் மனைவி, ஊர்க்காரர் என்ற நெருக்கத்தில் இதை விட்டுவிட்டால், பிறகு சிக்கல் அவருக்குத்தான்.

முதல் பாடத்தில் கவனிக்க வேண்டியவை

ஒரே ஒரு சோதனைப் பாடம் வைத்துப் பாருங்கள். அதற்குரிய கட்டணத்தைக் கொடுத்துவிடுங்கள். அன்று யார் அதிகம் பேசுகிறார் என்று காது கொடுத்துக் கேளுங்கள். ஒன்றரை மணி நேரமும் ஆசிரியரின் குரலே கேட்டால், பிள்ளைக்கு என்ன தெரியும், என்ன தெரியாது என்பதை அவர் எப்படிக் கண்டுபிடிக்கப் போகிறார்? "இதை ஏன் இப்படிப் போட்டாய்?" என்று கேட்டு, பதிலுக்குக் காத்திருக்கும் ஆசிரியர் கிடைத்தால் விடாதீர்கள்.

உங்களிடமும் அவர் கேள்வி கேட்க வேண்டும். பழைய தேர்வுத் தாளைப் பார்க்கலாமா, பள்ளியில் இப்போது எந்தப் பாடம் நடக்கிறது, பிள்ளை எத்தனை மணிக்குத் தூங்குகிறது என்றெல்லாம் கேட்பவர் பிள்ளையைப் பற்றி யோசிக்கிறார். எதுவுமே கேட்காமல் "மூன்று மாதத்தில் ஏஎல் 2 எடுக்கவைத்துவிடுகிறேன்" என்பவரிடம் கொஞ்சம் எச்சரிக்கையாக இருங்கள்.

ஏனென்றால் ஏஎல் கணக்கு அப்படி நேர்கோட்டில் போவதில்லை. 2021 முதல் பிஎஸ்எல்இ தேர்வில் நடப்பிலிருக்கும் முறைப்படி ஏஎல் 2 என்பது 85 முதல் 89 மதிப்பெண் வரை. ஏஎல் 3 என்பது 80 முதல் 84 வரை. ஆனால் ஏஎல் 6 என்பது 45 முதல் 64 வரை, 20 மதிப்பெண் அகலம். 84 எடுத்த பிள்ளை ஒரே ஒரு மதிப்பெண் கூட எடுத்தால் அடுத்த நிலைக்குப் போய்விடும். 46லிருந்து 63க்கு ஏறிய பிள்ளை 17 மதிப்பெண் கூடுதலாக எடுத்தும் அதே ஏஎல் 6ல்தான் நிற்கும். இதில் அதிகம் உழைத்தது எந்தப் பிள்ளை? "இன்னும் அதே ஆறுதானா?" என்று அந்தப் பிள்ளையிடம் கேட்டுவிட்டால், அந்தப் 17 மதிப்பெண்ணின் உழைப்பும் வீண் என்று அது முடிவுகட்டிவிடும். ஆசிரியரை மாற்றுவது பற்றி யோசிக்கும்போதும் இந்தக் கணக்கை மறக்க வேண்டாம்.

தமிழுக்கு ஒரு டீச்சர்

தமிழ்ப் பாடத்துக்கு ஆசிரியர் தேடும் குடும்பங்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. பிஎஸ்எல்இ தமிழ்த் தேர்வில் வாய்மொழிக்கும் கேட்டல் கருத்தறிதலுக்கும் சேர்த்து 35 விழுக்காடு. வாய்மொழித் தேர்வில் காணொளி ஒன்றைப் பார்த்து, அதையொட்டித் தமிழில் உரையாட வேண்டும். வாரம் ஒன்றரை மணி நேரம் வந்துபோகும் ஆசிரியர் கட்டுரைச் சொற்றொடர்களை மனப்பாடம் செய்யவைக்கலாம். பேச்சுத் தமிழை அந்த ஒன்றரை மணி நேரத்துக்குள் ஊட்டிவிட முடியாது. இரவுச் சாப்பாட்டு மேசையில் இருபது நிமிடம் தமிழில் பேசினால், பள்ளியில் என்ன நடந்தது, எம்ஆர்டியில் யாரைப் பார்த்தாய் என்று கதை கேட்டால், அதற்குக் கட்டணம் இல்லை. வீட்டில் தாத்தா பாட்டி இருந்தால் இன்னும் நல்லது. அதன்மேல் ஆசிரியரும் அமைந்தால் பிள்ளை எழுத்திலும் முன்னேறும். வீடு முழுக்க ஆங்கிலம் பேசிக்கொண்டு, தமிழை மட்டும் டீச்சரிடம் ஒப்படைத்துவிட்டு இருந்தால், அவரும் பாவம், பிள்ளையும் பாவம்.

கதவு திறந்திருக்கட்டும்

பாடம் கூடத்தில் நடக்கட்டும். அறைக்குள்தான் என்றால் கதவு திறந்திருக்கட்டும். வீட்டில் பெரியவர் ஒருவர் இருக்கட்டும். ஆசிரியரும் பிள்ளையும் பேசும் வாட்ஸ்அப் குழுவில் நீங்களும் இருங்கள். இது யார்மீதும் சந்தேகம் அல்ல. எல்லா வீட்டிலும் எல்லா ஆசிரியருக்கும் ஒரே விதி என்று முதல் நாளே சொல்லிவிட்டால் யாருக்கும் சங்கடம் இல்லை. நல்ல ஆசிரியர்கள் இதைத் தாங்களே விரும்புவார்கள்.

கட்டணத்தையும் அப்படித்தான், முதல் நாளே பேசி முடியுங்கள். பாடம் ரத்தானால் என்ன, விடுமுறையில் என்ன, ஆசிரியர் பல்கலைக்கழக மாணவர் என்றால் அவருடைய தேர்வு வாரங்களில் என்ன ஏற்பாடு என்பதெல்லாம் தெளிவாக இருக்கட்டும். ஆறு மாதக் கட்டணத்தை மொத்தமாக முன்கூட்டியே கேட்டால், தள்ளுபடி எவ்வளவு இனிப்பாக இருந்தாலும் மாதக் கணக்கே நல்லது.

எப்போது நிறுத்துவது?

ஆசிரியரைத் தேடுவது பற்றி எல்லாரும் பேசுகிறோம். நிறுத்துவது பற்றிப் பேசுவதே இல்லை. தொடக்கநிலை 3ல் வந்த ஆசிரியர், பழக்கத்தால் உயர்நிலை 2 வரை வந்துகொண்டே இருப்பார். பிள்ளையும் வகுப்பில் ஒன்று புரியாவிட்டால் கை தூக்காது; "சனிக்கிழமை டீச்சர் வருவாங்க, கேட்டுக்கலாம்" என்று இருந்துவிடும். பள்ளி நேரம் ஓய்வு நேரமாகவும், ஓய்வு நேரம் பள்ளி நேரமாகவும் மாறிப்போகும்.

அதனால் தொடங்கும்போதே மூன்று மாதத்துக்கு ஓர் இலக்கு வையுங்கள். 'ஏஎல் 3' என்ற இலக்கைவிட, 'பிரச்சினைக் கணக்குகளைத் தானாகப் படம் வரைந்து தொடங்க வேண்டும்', 'ஒரு பத்தியை நிறுத்தாமல் வாசித்துப் பொருள் சொல்ல வேண்டும்' என்பது போன்ற இலக்கு நல்லது. மூன்று மாதம் கழித்து அதே நான்கு வகைகளில் புதிய தாளைப் பிரித்துப் பாருங்கள். 'பாடம் தெரியவில்லை' என்ற வகை குறைந்திருந்தால் ஆசிரியர் தம் வேலையைச் செய்திருக்கிறார். அப்போது வாரம் ஒரு முறையை இரண்டு வாரத்துக்கு ஒரு முறையாக்கலாம். பிறகு தேர்வு நெருங்கும்போது மட்டும் அழைக்கலாம். நல்ல ஆசிரியரிடம் இதைச் சொன்னால் கோபித்துக்கொள்ள மாட்டார். சிலர் தாங்களாகவே, "இனி இவளே சமாளித்துக்கொள்வாள்" என்று சொல்லிவிடுவார்கள். அப்படிச் சொல்பவருடைய எண்ணைப் பத்திரமாக வைத்திருங்கள். அடுத்த முறை யாராவது குழுவில் கேட்டால் தயங்காமல் கொடுக்கலாம்.

அந்த வகை குறையவே இல்லையென்றால், பிள்ளையைத் திட்டும் முன் பிள்ளையிடம் கேளுங்கள். டீச்சர் சொல்வது புரிகிறதா, கேள்வி கேட்டால் எப்படிப் பதில் சொல்கிறார், பாடம் முடிந்ததும் உனக்கு எப்படி இருக்கிறது? ஆசிரியரைத் தேர்ந்தெடுக்கும்போது அப்பாவிடம் கேட்கிறோம், அம்மாவிடம் கேட்கிறோம், வாட்ஸ்அப்பில் முன்பின் தெரியாதவரிடமும் கேட்கிறோம். வாரந்தோறும் அந்த நாற்காலியில் உட்காரப்போகும் பிள்ளையிடம் மட்டும் கேட்க மறந்துவிடுகிறோம். பதிலுக்கு "பரவாயில்ல" என்று ஒரே சொல்லில் முடித்துக்கொண்டால், கொஞ்சம் பொறுத்து, இன்னொரு முறை கேளுங்கள்.